பிறந்த நேரம்

'இப்பொழுது' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எத்தனையோ முறை வழங்குகின்றோம். அச்சொல்லின் பொருள் யாதென எவரும் நின்று கேட்பதில்லை. கண்ணாற் காண்பதும் காதாற் கேட்பதும் கையாற் தொடுவதும் ஒரே கணத்தில் நிகழ்வனவாகவே எமக்குத் தோன்றுகின்றன. மின்னல் முன்னும் இடி பின்னுமாக வரும்போது மாத்திரம், ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரு செய்திகள் இரு வேறு நேரங்களில் எம்மை வந்தடையலாம் என்ற உண்மை சற்றே உறைக்கின்றது. மழை விட்டதும் அதனையும் மறந்துவிடுகின்றோம். சாரதியின்றித் தானே ஓடும் வாகனத்துக்கு இந்த மறதி வாய்க்காது. அதற்கு 'இப்பொழுது' என ஒன்று இயல்பாக இல்லை. செக்கனுக்குப் பலமுறை அதனைக் கட்டியெழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அந்த வேலையைப் பற்றி, அதிற் சில காலம் ஈடுபட்டவன் என்ற முறையிற் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

இத்தகைய வாகனங்கள் இன்று வெறுங் கற்பனை அல்ல. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை அண்டிய பகுதியிலே, சாரதியின் ஆசனம் வெறுமையாக இருக்க வாடகை வண்டிகள் பொதுமக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கியது 2020 ஆம் ஆண்டிலாகும். கமராக்கள் பல, லேசர்க் கதிரைச் சுழற்றிச் சுற்றுப்புறத்தின் தூரங்களை அளக்கும் லிடார், வானொலி அலையை அனுப்பி அதன் எதிரொலியை வாங்கும் ராடார், வண்டி திரும்புவதையும் அதன் ஆர்முடுகலையும் உணருங் கருவி, செய்மதிச் சமிக்ஞைகளைப் பெறும் வாங்கி என இவ்வகை வண்டியின் உடலெங்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன்னுள்ளே ஒரு சிறு பளிங்கை வைத்து, அதன் அதிர்வுகளை எண்ணி நேரத்தைக் கணிக்கின்றது. பளிங்குகள் மலிவானவை; பெரும்பாலும் நம்பத்தக்கவை. ஆயினும் வெப்பநிலைக்கும் வயதுக்கும் ஏற்ப, பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு என்னும் அளவில் அவை பிசகுவது சாதாரணம். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பளிங்கு முந்தியும் மற்றொன்று பிந்தியும் இந்த அளவிற் பிசகினால், ஒரு மணித்தியாலத்தில் இரண்டுக்கும் இடையே 360 மில்லிசெக்கன் வேறுபாடு உண்டாகிவிடும். மணித்தியாலத்துக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 20 மீற்றர் போகின்றது. 360 மில்லிசெக்கனில் அது கடப்பது 7 மீற்றருக்குச் சற்று மேல். கமரா ஒரு பாதசாரியை ஓரிடத்திற் காண, லிடார் அவரை வேறோரிடத்திற் காணும். எது உண்மை எனத் தீர்ப்பதற்கு வண்டியினுள் மூன்றாவது சாட்சி இல்லை.

எமது ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு மாணவர் சிலர், ஒரு சிறு தள்ளுவண்டியிற் கமரா ஒன்றையும் லிடார் ஒன்றையும் பொருத்தி, லிடார் அளந்த புள்ளிகளைக் கமராவின் படத்தின் மீது வண்ணப் பொட்டுகளாக விழச்செய்யும் ஆய்வொன்றில் ஈடுபட்டிருந்தனர். மண்டபத்துத் தூணொன்றே அவர்களது இலக்கு. வண்டி நிற்கும்போது பொட்டுகள் தூணின் மேல் அச்சொட்டாக விழுந்தன. வண்டியை இடப்புறம் திருப்பினால் அவை தூணைவிட்டு ஒரு பக்கம் வழுக்கின. வலப்புறம் திருப்பினால் மறுபக்கம் வழுக்கின. கமரா பொருத்தப்பட்ட கோணத்திலேயே பிழை இருக்கின்றதென எண்ணிய மாணவர், இரண்டு கிழமையாகத் திருகாணிகளைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தனர். அவர்களுள் ஒரு மாணவிதான் ஒருநாட் பிற்பகல் என்னிடம் வந்து, "சேர், வண்டி நிண்டால் பிழையும் நிண்டு போகுது" என்றார். ஒரு வாக்கியத்தில் நோயின் பெயரை அவர் சொல்லிவிட்டார். திருகாணியின் பிழையாயின் அது வண்டி நிற்கும்போதும் நிலைத்திருத்தல் வேண்டும். நிற்கும்போது மறைந்து, திரும்பும் திசைக்கேற்பத் தானும் திசைமாறி, வேகத்தோடு கூடிக் குறையும் பிழை இடத்தின் பிழையன்று, காலத்தின் பிழை. அளந்து பார்த்தோம். செக்கனுக்கு 60 பாகை வீதம் திரும்பும்போது வழுக்கல் 3 பாகை. ஆகவே பிந்துதல் 50 மில்லிசெக்கன். கமராவின் படத்துக்கு, அது எடுக்கப்பட்ட நேரத்தை எழுதாது, கணனியை வந்தடைந்த நேரமே எழுதப்பட்டிருந்தது. பத்து மீற்றர் தொலைவில் 3 பாகை என்பது அரை மீற்றர். அரை மீற்றர் என்பது ஏறத்தாழ ஒரு மனிதனின் தோளகலம். தூணுக்குப் பதிலாகப் பாடசாலைப் பிள்ளையொன்று பாதசாரிக் கடவையில் நின்றிருக்குமாயின், வண்டி அப்பிள்ளைக்குப் பக்கத்திலே உள்ள வெற்றிடத்தைக் கண்டு பிரேக் பிடித்திருக்கும். அல்லது பிடியாது விட்டிருக்கும்.

அவ்வாறாயின் வெவ்வேறிடங்களில் உள்ள மணிக்கூடுகளை ஒத்திசைய வைப்பது எங்ஙனம்? வழி மிகப் பழையது; கடிதப் போக்குவரத்துப் போன்றது. முன்னைய நாட்களிற் கடித உறையொன்றில் அனுப்பிய தபாற்கந்தோரின் முத்திரையும் பெற்ற கந்தோரின் முத்திரையும் பதிந்திருக்கும். கடிதம் வழியிற் கழித்த நாட்களை அவ்விரண்டையுங் கொண்டு கணக்கிடலாம். இங்கும் அதுவே நடைபெறுகின்றது. தலைமை மணிக்கூடு தன் கணக்கில் 1000 என்னும் நேரத்தில் ஒரு செய்தியை அனுப்புகின்றது எனக் கொள்வோம். கிளை மணிக்கூடு அதனைத் தன் கணக்கில் 1015 இற் பெறுகின்றது. பின்னர்க் கிளை தன் கணக்கில் 1020 இல் மறுமொழி அனுப்ப, தலைமை அதனைத் தன் கணக்கில் 1025 இற் பெறுகின்றது. போனபோது தெரிந்த வேறுபாடு 15. வந்தபோது தெரிந்தது 5. இரண்டும் சேர்ந்து 20. போக்கும் வரவும் சமமெனக் கொண்டால் ஒருவழிப் பயணம் 10 அலகு. ஆகவே கிளை மணிக்கூடு 5 அலகு முந்திச் செல்கின்றது. அதனைச் சீர்செய்ய வேண்டும். பின்னாளில் டெலவெயார்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரான டேவிட் மில்ஸ் என்பார் 1985 இற் கணனி வலையமைப்புக்கென வகுத்த நேர நெறிமுறையின் உயிர்நாடி இத்தகைய நான்கு முத்திரைகளே. 2002 இல் வெளிவந்து, 2008 இலும் 2019 இலும் திருத்தப்பெற்ற ஐ.ஈ.ஈ.ஈ. 1588 என்னும் நியமமும், அதனின்று கிளைத்து 2011 இல் வெளிவந்து இன்று வாகனங்களுட் பயிலும் 802.1ஏ.எஸ். என்னும் நியமமும் இவ்வழியிலேயே செல்கின்றன.

ஆனால் அந்த நான்கு எண்களையும் மீண்டும் ஒருமுறை நோக்குக. இரு மணிக்கூடுகளும் முற்றிலும் ஒத்திருந்து, செய்தி போவதற்கு 15 அலகும் வருவதற்கு 5 அலகும் எடுக்குமாயின் அப்போதும் அதே நான்கு எண்களே கிடைக்கும். முத்திரைகளை எவ்வளவு நுட்பமாகப் பதித்தாலும் இவ்விரு நிலைகளையும் வேறுபிரித்தறிய இயலாது. போக்கும் வரவும் சமம் என்பது அளந்து கண்ட முடிபன்று. நாமாகக் கொண்ட ஒரு கொள்கை. பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்திற் பணிபுரிந்த ஐன்ஸ்ரைன் 1905 இல் எழுதிய கட்டுரையின் தொடக்கப் பகுதியில் இதே இடத்திலேதான் வந்து நிற்கின்றார். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒளி செல்ல எடுக்கும் நேரமும் திரும்பிவர எடுக்கும் நேரமும் சமமென அவர் வரையறை செய்துகொள்கின்றார். அவ்வரையறையின் மீதே ஒருங்குநிகழ்வு என்ற கருத்தை நிறுவுகின்றார். ஒளிச் சமிக்ஞைகளால் மணிக்கூடுகளை ஒத்திசைப்பதைப் பிரான்சில் புவாங்கரே அதற்கு முன்னரே சிந்தித்திருந்தார். பௌதிகத்தின் ஆழ்ந்த கேள்வியாக எமக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்று, மோட்டார் வண்டியின் கம்பிகளுக்குள்ளே அன்றாட நடைமுறையாக இருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் நீங்கவில்லை.

நற்பேறாக, வண்டியினுள்ளே இக்கொள்கை பெருந்தீங்கு செய்வதில்லை. செப்புக் கம்பியிற் சமிக்ஞை ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் செல்லும். ஐந்து மீற்றர்க் கம்பிக்கு 25 நனோசெக்கன் போதும். அதற்குள் போக்குக்கும் வரவுக்கும் எவ்வளவு வேறுபாடுதான் இருந்துவிட முடியும்? முத்திரையை மென்பொருள் பதிக்காது, கம்பி வந்து சேரும் வாயிலிலேயே வன்பொருள் பதிக்க வேண்டும் என்பதே முக்கியம். கணனி பல வேலைகளுக்கு இடையே ஓய்வு கிடைக்கும்போது பதிக்கும் முத்திரையில் மில்லிசெக்கன் கணக்கில் ஐயம் புகுந்துவிடும். இவ்வாறு பதித்தால், ஏழு கட்டங்களைத் தாண்டிய கருவியுங்கூட ஒரு மைக்கிரோசெக்கனுக்குள் ஒத்துநிற்கும் என்பது மேற்கூறிய வாகன நியமத்தின் எதிர்பார்ப்பு. 1986 இல் பொஷ் நிறுவனம் அறிமுகஞ் செய்த 'கான்' என்னும் பழைய கம்பியமைப்பில் இவ்வசதி இல்லை. அங்கே முன்னுரிமை பெற்ற செய்தி முதலிற் செல்லும், ஏனையவை காத்துநிற்கும், எவ்வளவு நேரம் காத்துநின்றன என்பதைச் செய்தி தானாகச் சொல்லாது. கதவுப் பூட்டுக்கு அது போதும்.

தலைமை மணிக்கூட்டுக்கு நேரம் சொல்வது யார்? வழக்கமாகச் செய்மதிகளே. அவற்றின் அணுமணிக்கூடுகள் வேகத்தாற் சற்றுப் பிந்தியும், ஈர்ப்பின் குறைவால் அதனினும் கூடுதலாக முந்தியும், முடிவில் நிலத்து மணிக்கூடுகளைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்கிரோசெக்கன் விரையும். அதனை முன்னரே கணித்து அவற்றின் மீடிறனைச் சிறிது குறைத்து அமைத்திருக்கின்றனர். வாங்கியானது செக்கனுக்கொரு துடிப்பை வண்டிக்குத் தருகின்றது. ஆனால் சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்ததும் துடிப்பு நின்றுவிடுகின்றது. தலைமை மணிக்கூடு தன் பளிங்கை நம்பித் தனியே நடக்கின்றது. அப்போதும் கருவிகள் யாவும் அதனையே பின்பற்றுமாயின் பெருங்கேடில்லை. வண்டிக்கு உடனடித் தேவை உலகத்தோடு ஒத்த நேரமன்று, தன் உறுப்புகளிடையே ஒத்த நேரமே. சிக்கல் வெளியே வந்த பின்னர்த் தோன்றுகின்றது. செய்மதி மீண்டும் உண்மை நேரத்தைச் சொல்ல, மணிக்கூட்டை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளினால், பின்னர் நிகழ்ந்த ஒன்று முன்னர் நிகழ்ந்ததாகப் பதிவாகிவிடும். இடவேறுபாட்டை நேரவேறுபாட்டால் வகுத்தே வேகம் கணிக்கப்படுகின்றது. நேரவேறுபாடு சூனியமாகவோ எதிர்மறையாகவோ ஆகும்போது அக்கணக்கு என்னவாகும்? ஆதலின், முந்திச் செல்லும் மணிக்கூட்டைச் சற்று மெதுவாக நடக்கவிட்டே வழிக்குக் கொண்டுவருவர். எக்காரணங்கொண்டும் அதனைப் பின்னோக்கி நடக்கவிடுவதில்லை.

இந்நாட்டவருக்கு மணிக்கூடு பின்னோக்கி நடந்த அநுபவம் உண்டு. மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டது. 2006 ஏப்ரலில் மற்றோர் அரை மணித்தியாலமும் பின்னுக்குப் போய்ப் பழைய நிலை மீண்டது. அப்பத்தாண்டுகளும், அரசாங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னிப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கிற்று. ஒரு தீவில் இரு நேரங்கள். எவரேனும் நேரங் குறித்தால், "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என மறுகேள்வி கேட்பது எமது பேச்சில் இயல்பாகிவிட்டிருந்தது. பஞ்சாங்கத்தை விட்டு விலகாத என் அம்மம்மா, அந்த ஒக்டோபர் நள்ளிரவைப் பற்றிக் கேட்ட கேள்வி ஒன்று நினைவிருக்கின்றது: "அண்டைக்கு இரவு பன்னிரண்டே காலுக்குப் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பன்னிரண்டே கால், தம்பி?" அவ்விரவில் அந்த நேரம் இருமுறை வந்தது. சாதகங் கணிப்பவர் எதனைக் கொள்வது?

அம்மம்மாவிடம் வேறொரு கேள்வியும் இருந்தது. அது இன்னும் ஆழமானது. பிறந்த நேரம் என்று எதனைக் குறிப்பது? தலை வெளிப்படுங் கணமா, உடல் முழுவதும் வெளிவருங் கணமா, முதலழுகையா, கொப்பூழ்க்கொடி அறுபடுங் கணமா? சோதிடருள்ளே இதில் ஒருமித்த கருத்தில்லை என்பார். சாதகத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. எனினும் அக்கேள்வியின் கூர்மையை, வாகனக் கருவிகளோடு பழகிய பின்னரே உணர்ந்தேன். மணிக்கூடுகள் அனைத்தும் மைக்கிரோசெக்கனுக்குள் ஒத்திசைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். ஒரு படத்தின் பிறந்த நேரம் யாது? இரவில் வெளிச்சங் குறைந்தபோது கமரா 20 மில்லிசெக்கன் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். அதற்குள் நாம் கண்ட வண்டி 40 சென்ரிமீற்றர் சென்றுவிடும். கண் திறந்த கணமா, மூடிய கணமா? இடைக்கணத்தைக் கொள்வதே தகும். அத்துடன் முடிவதில்லை. பல கமராக்கள் படத்தின் மேல்வரியை முதலிலும் கீழ்வரியை இறுதியிலுமாக வரிவரியாகப் பதிவன; ஒரு படத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே இருபது முப்பது மில்லிசெக்கன் கழிந்துவிடலாம். அவ்வாறாயின் ஒரு படத்துக்கு ஒரு நேரம் என்பதே பொய். வரிதோறும் ஒரு நேரம் எழுத வேண்டும். செக்கனுக்குப் பத்துமுறை சுழலும் லிடாரின் நிலை இன்னும் வெளிப்படை. ஒரு சுற்று முடிவதற்குள் வண்டி இரண்டு மீற்றர் நகர்ந்துவிடுகின்றது. சுற்றின் தொடக்கத்தில் அளந்த சுவரும் முடிவில் அளந்த அதே சுவரும் ஒன்றோடொன்று பொருந்தா. ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் பிறந்த நேரத்துக்கு உரிய வண்டியின் நிலையில் வைத்து மீள அடுக்கினாலன்றிச் சுவர் சுவராகத் தோன்றாது.

ஜேர்மனியின் காள்ஸ்றூ நகரத்து ஆய்வாளர்கள் இதற்குக் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 2012 இல் அவர்கள் வெளியிட்ட, 'கிற்றி' எனப் பெயர் பெற்ற தரவுத்தொகுதிக்காக ஒரு மோட்டார் வண்டியின் கூரையில் லிடாரையும் நான்கு கமராக்களையும் பொருத்தினர். லிடார் சுழன்று நேர்முன்னே நோக்குங் கணத்தில், காந்தத்தால் மூடும் சிறியதோர் ஆளி மூடும். அவ்வாளியே கமராக்களைப் படம் எடுக்குமாறு தூண்டும். இரு கண்களும் ஒரே பொருளை ஒரே வேளையில் நோக்குமாறு செய்துவிட்டால், பின்னர் நேரத்தைப் பற்றி வாதிடுவதற்கு அதிகமில்லை. சில உரூபாவுக்குக் கிடைக்கும் ஓர் ஆளி, நூறு பக்க மென்பொருளை மிச்சப்படுத்துகின்றது. எம்மிடம் வரும் மாணவர் மென்பொருளை முதலில் எழுதி, ஆளியை இறுதியிலேயே நினைக்கின்றனர்.

கணனிகளின் வேகம் பெருகப் பெருக இச்சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும் எனத் துறைசார்ந்த நண்பர் ஒருவர் என்னோடு வாதிடுவதுண்டு. அவரோடு எனக்கு உடன்பாடில்லை. நூறு மில்லிசெக்கன் பிந்தி வந்தாலும் பிறந்த நேரம் சரியாக எழுதப்பட்ட படம் பயன்படும். வண்டி அக்கணத்தில் எங்கே இருந்தது என்பதைப் பின்னோக்கிக் கணித்து, கண்ட பொருளை அதற்குரிய இடத்தில் வைக்கலாம். பிறந்த நேரம் தெரியாது, ஐந்துக்கும் நாற்பதுக்கும் இடையே எத்தனையோ மில்லிசெக்கன் பிந்தி வரும் படம், விரைந்து வந்ததேயாயினும், எவ்விடத்தில் வைப்பதென்று தெரியாமல் திகைக்க வைக்கும். குறுக்கே செல்லும் துவிச்சக்கர வண்டியின் வேகத்தை, நூறு மில்லிசெக்கன் இடைவெளியில் எடுத்த இரு படங்களைக் கொண்டு கணிக்கும்போது, நேரத்திற் பத்து மில்லிசெக்கன் பிசகினால் வேகத்திற் பத்திலொரு பங்கு பிசகும். அவர் கடந்து போய்விடுவாரா மாட்டாரா என்பது பல வேளைகளில் அப்பத்திலொரு பங்கிலேயே தங்கியிருக்கின்றது.

ஒரே இயந்திரத்தின் இரு பகுதிகள் நேரத்தை இரு விதமாகக் கணித்தமைக்கு மனித உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டதுண்டு. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், 'பேட்றியட்' என்னும் ஏவுகணை எதிர்ப்புப் பொறி, வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 போர்வீரர் மாண்டனர். அப்பொறி நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. பத்திலொன்று என்பது இரும எண்முறையில் முடிவுறாப் பின்னம். அதனை 24 இலக்கங்களில் வெட்டியபோது ஒரு துணுக்கு விடுபட்டது. பொறி தொடர்ந்து 100 மணித்தியாலம் இயங்கியிருந்தமையால் அத்துணுக்கு 0.34 செக்கனாக வளர்ந்துவிட்டது. அவ்வளவு நேரத்தில் அந்த ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் சென்றுவிடும். பொறி வெற்று வானத்தைத் தேடிற்று. நேரக்கணிப்பு நிரலின் சில இடங்களில் ஏற்கெனவே திருத்தப்பட்டு, வேறு சில இடங்களிற் பழையபடியே விடப்பட்டிருந்தது என்பதே இதில் என்னை மிகவும் உறுத்துவது. எல்லா இடத்திலும் ஒரேவிதமாகப் பிசகியிருந்தால் அப்பிசகுகள் ஒன்றையொன்று கழித்திருக்கும்.

சாரதியில்லா வண்டி எமது வீதிகளுக்கு வர நெடுங்காலம் செல்லலாம். ஆனால் அதன் உறுப்புகள் ஏற்கெனவே வந்துவிட்டன. யப்பானிலிருந்து இறக்குமதியாகும் பாவித்த கார்கள் பலவற்றில், முன்னே தடை கண்டாற் தானே பிரேக் பிடிக்கும் பொருட்டுக் கமராவும் ராடாரும் உண்டு. முன்கண்ணாடி உடைந்து மாற்றப்பட்ட பின், வண்டியை நிறுத்தி, அதன் முன்னே அடையாளப் பலகையொன்றை வைத்துக் கமராவின் கோணத்தைச் சரிபார்க்கும் வழக்கம் இருக்கின்றது. கோணத்துக்கு அது போதும். உதிரிப்பாகம் ஒன்றையோ மென்பொருளையோ மாற்றியபின் கருவிகளின் நேரம் பிசகியிருக்குமாயின், நிற்கும் வண்டியில் அப்பிழை ஒருபோதும் அகப்படாது. எமது தள்ளுவண்டியும் நின்றபோது குற்றமற்றதாகவே இருந்தது. வாகனங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறைகளை இனி வகுப்போர், வண்டியை ஓட்டிப் பார்த்தே இக்கருவிகளைச் சோதிக்க வேண்டுமென விதிப்பது நன்று. அதற்குப் பெருஞ்செலவான உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. திறந்த வெளியில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் முன்னே வண்டியை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாற் போதும்.